காரிமங்கலம் வழியாகப் போன கூலிப்படைகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டிலிருந்து அக்கா பையன் போன் பண்ணினான். ஐடிஐ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன்.

“மாமா, ரஷ்யாவுல ஹெல்ப்பர் வேலைன்னு ஒரு ஏஜென்ட் சொல்றாருங்க. மிலிட்டரி கேம்ப்புல சாமான் ஏத்தி எறக்கற வேலையாம். சண்டைக்கெல்லாம் போக வேண்டியதில்லையாம். மாசம் ரெண்டு லட்சம்ங்கறாரு. போலாங்களா?”

போகாதே என்று உடனே சொல்லிவிட்டேன். “ஏன் மாமா, காசுக்கு இன்னொரு நாட்டுப் படையில வேலை செஞ்சா தப்புங்களா?” என்று கேட்டான். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் சில வருடங்களாக நம் ஊர்ப் பக்கத்து மைசூர்ப் போர்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறேன். அதில் வருகிற முக்கால்வாசிப் பேர் காசுக்கு இன்னொருவன் படையில் வேலை செய்தவர்கள்தான். அவனுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு வார்த்தை முதலில். ‘கூலிப்படை’ என்றால் இன்றைக்குப் பேப்பரில் வேறு அர்த்தம். ரியல் எஸ்டேட் தகராறில் அரிவாளோடு வருகிற ஆட்கள். நான் இங்கே சொல்வது பழைய அர்த்தம். ஒரு அரசுக்குச் சொந்த ஊர்க்காரனாக இல்லாமல், ஒப்பந்தத்தின் பேரில், சம்பளத்துக்காக அதன் போரில் பங்கெடுக்கிறவர்கள். சண்டை போடுகிறவனும் இதில் அடக்கம், மாடு ஓட்டுகிறவனும் அடக்கம்.

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகிற ஹைவேயில் காரிமங்கலத்தைத் தாண்டாதவர் இந்தப் பக்கம் யாரும் இருக்க முடியாது. மலைமேல் கோயில் தெரியும், பஸ் நிற்கும், டீ குடிப்போம், அவ்வளவுதான். 1799 பிப்ரவரி கடைசியில் அந்த ஊரைச் சுற்றி ஜெனரல் ஹாரிஸின் படை முகாமிட்டிருந்தது. அதே மாதம் வேலூரிலிருந்து புறப்பட்டு, ஆம்பூர்ப் பக்கம் ஹைதராபாத் நிஜாமின் படையைச் சேர்த்துக்கொண்டு, பாராமகால் வழியாக வந்தது. இங்கிருந்து ராயக்கோட்டை போய், மார்ச் 5-ம் தேதி திப்பு சுல்தானின் எல்லைக்குள் நுழைந்தது. அன்றைக்கு எல்லை ராயக்கோட்டைப் பக்கம். ஓசூர் திப்புவிடம் இருந்தது. ஹாரிஸின் படையில் சுமார் 21,000 சிப்பாய்கள், நிஜாம் பக்கத்தில் சுமார் 16,000. கூட வந்த மாட்டுக்காரர், கூடாரம் அடிப்பவர், சமையல்காரர், கடைக்காரர், பெண்கள், குழந்தைகள் எல்லாம் இதைப்போலப் பல மடங்கு. காரிமங்கலத்து ஏரியில் அந்த வாரம் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை நாம் ‘பிரிட்டிஷ் படை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அதில் பிரிட்டிஷ் அரசின் படை ஒரு சின்னப் பகுதிதான்.

மிகப் பெரிய பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியுடைய மெட்ராஸ் படை. கம்பெனி என்றால் நிஜமாகவே கம்பெனி. லண்டனில் பங்குதாரர்கள், டைரக்டர்கள், டிவிடெண்ட் எல்லாம் உண்டு. அதன் சிப்பாய்கள் தமிழ், தெலுங்கு, உருது பேசுகிற நம் ஊர் ஆட்கள். உலகத்திலேயே பெரிய தனியார் ராணுவம் என்றால் இன்றைக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். 1800-களின் தொடக்கத்தில் மூன்று மாகாணங்களிலும் சேர்த்து சுமார் 2 லட்சம் பேர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் அரசின் சொந்த ராணுவத்தோடு ஒப்பிடக்கூடிய எண்ணிக்கை. கூடவே மன்னரின் ரெஜிமெண்டுகள் சில வந்தன. ஆனால் அவற்றின் செலவும் கம்பெனி தலையில்தான். 1788-ல் பார்லிமெண்ட் அதற்குத் தனியாக ஒரு சட்டமே போட்டது. மன்னரின் 33-வது ரெஜிமெண்டின் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபு, நிஜாம் படையோடு சேர்த்துவிடப்பட்டிருந்தார்.

அப்புறம் ஒரு சுவிஸ் ரெஜிமெண்ட். ஆமாம், சுவிட்சர்லாந்து. இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நியூஷாட்டெல் என்ற ஊரைச் சேர்ந்த சார்ல்-டானியல் டி மியூரோன் என்கிற பிரபு 1781-ல் ஒரு ரெஜிமெண்ட் திரட்டி டச்சுக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார். அவர் அதன் கர்னல் மட்டும் இல்லை, உரிமையாளரும்கூட. அன்றைய ஐரோப்பாவில் ரெஜிமெண்ட் என்பது சொத்து மாதிரி. லாரி வாங்கி டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் ஓட விடுவது போலத்தான். முதலில் தென்னாப்பிரிக்காவின் கேப், பிறகு இலங்கை. கொழும்பைக் காத்துநின்ற முக்கியமான ஐரோப்பியப் படைகளில் இதுவும் ஒன்று. 1795-ல் பிரான்ஸ் ஹாலந்தைப் பிடித்ததும், இலங்கை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விடும் என்று பிரிட்டனுக்குப் பயம். ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியரை நியூஷாட்டெலுக்கு அனுப்பினார்கள். சரித்திரப் பேராசிரியர்! அவர் பிரபுவோடு உட்கார்ந்து பேசி, 1795 மார்ச் கடைசியில் ஒப்பந்தம் போட்டார். ரெஜிமெண்ட் அப்படியே பிரிட்டன் பக்கம் மாறும். பிரபுவுக்கு பிரிட்டிஷ் ராணுவத்தில் மேஜர் ஜெனரல் பதவி. டச்சுக்காரர்கள் பாக்கி வைத்த சம்பளத்தை பிரிட்டன் கொடுக்கும்.

பாக்கிச் சம்பளம் என்பதைக் கவனியுங்கள். கொழும்பில் இருந்த சுவிஸ்காரர்களுக்கு இந்தச் சேதி போய்ச் சேர்ந்தபின் டச்சுக் கவர்னரிடம் நம்பகமான காவல் இல்லாமல் போனது. 1796 பிப்ரவரியில் கொழும்பு பெரிய சண்டை இல்லாமலே சரணடைந்தது. அந்த ரெஜிமெண்ட்தான் மூன்று வருடம் கழித்து ஹாரிஸின் படையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனது. மே 4-ம் தேதி கோட்டையைத் தாக்கியவர்களில் அவர்களும் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணம் போனால் கோட்டையும் தரியா தௌலத்தும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஆற்றோரம் காரிசன் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. டி மியூரோன் ரெஜிமெண்ட்காரர்கள் பலர் அங்கேதான் கிடக்கிறார்கள். மிச்சப் பேர் பிறகு மத்தியதரைக் கடல், கனடா என்று போய், 1816-ல் கனடாவில் ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது. கலைத்த கையோடு செல்கிர்க் பிரபு என்ற ஒரு கம்பளி ரோம வியாபாரக் கம்பெனிப் பங்குதாரர் அவர்களில் கொஞ்சம் பேரை எடுத்து, போட்டிக் கம்பெனியின் கோட்டையைப் பிடிக்க அனுப்பினார். வேலை தெரிந்தவனுக்கு அடுத்த வேலை அதே வேலைதான்.

இனி நிஜாம் பக்கம். ஹைதராபாத்தில் ரேமண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நிஜாமுக்காகச் சுமார் 14,000 பேர் கொண்ட நல்ல படை ஒன்றை வளர்த்திருந்தார். பிரெஞ்சு அதிகாரிகள், இந்தியச் சிப்பாய்கள். ஐடி வேலையாக ஹைதராபாத் போனவர்களுக்கு மூசாரம்பாக் தெரிந்திருக்கும். ‘மொன்சியர் ரேமண்ட்’தான் மூசாராம் ஆனார் என்று சொல்வார்கள். அவர் 1798 மார்ச்சில் இறந்துபோனார். பிரோன் என்பவர் தலைமைக்கு வந்தார். செப்டம்பரில் நிஜாம் கம்பெனியோடு உடன்படிக்கை போட்டு, இந்தப் படையைக் கலைக்க ஒத்துக்கொண்டார். அக்டோபர் 22-ம் தேதி கம்பெனிப் படை சுற்றி வளைத்தபோது ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? சம்பள பாக்கிக்காகச் சிப்பாய்களே கலகம் செய்து, தங்கள் பிரெஞ்சு அதிகாரிகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். பாக்கியைக் கொடுத்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மறுபடி நிஜாம் படையில் சேர்க்கப்பட்டு, பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குக் கீழே, நாலே மாதத்தில் காரிமங்கலம் வழியாக நடந்தார்கள். அதுவரை பிரெஞ்சுக்காரன் ஆணைக்கு அணிவகுத்த அதே கால்கள்.

எதிர்ப் பக்கமும் வேறு மாதிரி இல்லை. ஹைதர் அலி காலத்திலிருந்தே மைசூரில் ஐரோப்பியர்கள் உண்டு. லாலி என்பவர் ஆதோனியில் பசாலத் ஜங்கிடம் வேலை பார்த்து, அங்கே கம்பெனியின் நெருக்கடியால் வேலை போனதும் 1779-ல் ஹைதரிடம் வந்தார். அடுத்த வருடம் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்ததில் அவருடைய ஆட்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் 1783-ல் திப்பு மங்களூரை முற்றுகையிட்டிருந்தபோது, ஐரோப்பாவில் பிரான்சும் பிரிட்டனும் சமாதானம் ஆகிவிட்டதாகச் சேதி வந்தது. அங்கே இருந்த பிரெஞ்சு அரசுப் படையின் தளபதி கொசிஞி, இனி என் ஆட்கள் சண்டை போட மாட்டார்கள் என்று விலகிக்கொண்டார். திப்புவுக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை. எனக்கு இதில் தோன்றுவது: நேச நாட்டுப் படை, கூலிப்படையைவிட நம்பகமானது என்று நினைக்கிறோம். மங்களூரில் அது நடக்கவில்லை. அரசின் ஆள் அவன் அரசு சொன்னதும் போய்விடுவான். கூலி ஆள் சம்பளம் வருகிறவரை நிற்பான்.

அப்படிச் சூடுபட்டும் திப்பு 1797-ல் ரிப்போ என்ற ஒரு கடற்கொள்ளைக் கப்பல்காரரை நம்பினார். உடைந்துபோன கப்பலோடு மங்களூரில் ஒதுங்கிய ஆள். மொரிஷியசில் பிரெஞ்சுப் படை தயாராக நிற்கிறது, நீங்கள் கேட்டால் போதும் என்று அளந்தார். இன்றைய ஏஜென்டுகளின் முப்பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திப்புவின் தூதர்கள் அவரோடு மொரிஷியஸ் போய்ச் சேர்ந்தால், அங்கே அனுப்புவதற்குப் படையே இல்லை. கவர்னர் மலார்டிக் வேறு வழியில்லாமல், திப்புவின் படைக்கு விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று 1798 ஜனவரி 30-ம் தேதி பகிரங்கமாக அறிவிப்பு ஒட்டிவிட்டார். ரகசியமாக இருக்க வேண்டிய விஷயம் சுவரொட்டி ஆகிவிட்டது. ஏப்ரலில் மங்களூருக்கு வந்து இறங்கிய தொண்டர்கள் நூறு பேர்கூட இல்லை. ஆனால் அந்த அறிவிப்பின் நகல் ஜூனில் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. புதுக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு, அதாவது நம் கர்னலின் அண்ணனுக்கு, போர் தொடுக்கக் கையில் காகிதம் கிடைத்தது. நூறு வெளிநாட்டுத் தொண்டர்களால் திப்புவுக்கு ஒரு கோட்டைச் சுவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அவர்கள் வந்த சேதியே அவர் ராஜ்யத்துக்கு எதிரான சாட்சி ஆனது.

துப்பாக்கிக்காரர்களை விடுங்கள். இந்தப் போர்களில் நிஜமாக ஜெயித்தது மாடு.

1791-ல் காரன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்துவிட்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார். அரிகெரேயில் சண்டையிலும் ஜெயித்தார். ஆனால் மாடுகள் தீவனம் இல்லாமல் கொத்துக் கொத்தாகச் செத்தன; அரிசி தீர்ந்தது. இன்றைக்குக் கிருஷ்ணராஜ சாகர் அணை இருக்கிற கன்னம்பாடியில் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். ஜெயித்த தளபதி! திரும்புகிற வழியில்தான் மராட்டியப் படை வந்து சேர்ந்தது. அதன் கூடவே வந்த பஜாரில் எல்லாமே கிடைத்தது, யானை விலைக்கு. பட்டினி கிடந்த சிப்பாய்கள் இருந்ததையெல்லாம் விற்று வாங்கித் தின்றார்கள்.

திப்பு பக்கம் இந்தத் தொல்லை குறைவு. மைசூர் அரசிடம் சொந்தமாக மாட்டுப் பண்ணை இருந்தது. திப்பு அதற்கு அம்ருத் மஹால் என்று பேர் வைத்தார். பீரங்கி இழுக்கவென்றே வளர்த்த இனம். 1799-க்குப் பிறகு கம்பெனி முதலில் எடுத்துக்கொண்டவற்றில் அந்த மாடுகளும் ஒன்று. ஆனால் 1791-ல் கம்பெனிக்குச் சொந்த மாடு போதாது. எல்லாம் கான்ட்ராக்ட். தலைக்கு மாதம் இவ்வளவு என்று காசு வாங்குகிற கான்ட்ராக்டருக்கு மாடு பட்டியலில் இருந்தால் போதும், உயிரோடு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் பார்லிமெண்டில் வந்த குற்றச்சாட்டுகளில் வங்காளத்து மாட்டுக் கான்ட்ராக்ட் ஒன்றும் உண்டு. சர்வர் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்குப் புரியும். பில் ஒழுங்காக வரும். சர்வர் ஓடுகிறதா என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில்தான் லம்பாடிகள், அதாவது பஞ்சாராக்கள், வருகிறார்கள். ஆயிரக்கணக்கான பொதி மாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தோடு தக்காணம் முழுக்கச் சுற்றிய வணிகர்கள். எந்தப் படைக்கும் விற்பார்கள். ஒரே போரில் இரண்டு பக்கத்துக்கும் விற்பார்கள். அவர்களைக் கொள்ளையடிக்கக் கூடாது என்பது எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒத்துக்கொண்ட விஷயம். அடித்தால் அடுத்த முறை வரமாட்டார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, விற்கிற தானியத்தில்தான் லாபம். அதனால் மாட்டை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். காரன்வாலிஸுக்காக இவர்களைப் பேசித் திரட்டியவர்களில் முக்கியமானவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அடுத்த வருடம் காரன்வாலிஸ் போனபோது படை பட்டினி கிடக்கவில்லை. 1792 மார்ச்சில் திப்பு பாதி ராஜ்யத்தைக் கொடுத்து உடன்படிக்கை செய்தார். அதில் நம் பாராமகாலும் போனது.

பாராமகாலை நிர்வாகம் செய்ய யாரை அனுப்பினார்கள்? அதே ரீட்டை. அவருக்குக் கீழே உதவியாளர்கள் மூன்று பேர், எல்லாருமே படை அதிகாரிகள். அதில் தாமஸ் மன்றோவுக்குத் தர்மபுரிப் பக்கம். நிலத்தை வயல் வயலாக அளந்து, விவசாயியிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அதை ஏதோ நிலச் சீர்திருத்தம் மாதிரி படிக்கிறோம். எனக்கு அது படைச் சம்பளத்துக்கான வசூல் திட்டமாகத்தான் தெரிகிறது. 1799-ல் மறுபடி போர் வந்ததும் ரீட் சர்வே வேலையை வைத்துவிட்டு, இதே பாராமகாலில் தானியமும் மாடும் லம்பாடிகளும் திரட்டக் கிளம்பிவிட்டார். கலெக்டரும் சப்ளை அதிகாரியும் ஒரே ஆள். எந்த ஊரில் எவ்வளவு நெல், எவ்வளவு ராகி, எத்தனை மாடு என்ற கணக்கு அவர் கையில் ஏழு வருடமாக இருந்தது.

கம்பெனி மற்றவர்களைவிட ஏன் நிலைத்தது என்பதற்கு நான் படித்தவரை ஒரு சாதாரணமான பதில்தான்: மாதா மாதம் சம்பளம் வந்தது. தாமதம் ஆனாலும் வரும் என்ற நம்பிக்கை இருந்தது. ஊனமானால் பென்ஷன் என்ற ஏற்பாடு இருந்தது. மற்ற ராஜாக்கள் வீரத்தில் குறைந்தவர்கள் இல்லை, பாக்கி வைத்தார்கள். (சம்பளம் மட்டும் போதாது என்பதும் உண்மை. 1806-ல் வேலூர்க் கோட்டையில் தலைப்பாகையை மாற்றச் சொன்னதும் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும்.)

அந்தச் சம்பளத்துக்குக் காசு? கம்பெனி தன் படையை ராஜாக்களுக்கு வாடகைக்கு விட்டது. ‘உங்கள் பாதுகாப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருடா வருடம் இவ்வளவு கட்டுங்கள்.’ 1798 உடன்படிக்கைப்படி நிஜாம் கட்ட வேண்டியது வருடத்துக்கு 24 லட்ச ரூபாய்க்கு மேல். கட்டிக்கொண்டே இருக்க முடியுமா? 1800-ல் காசுக்குப் பதிலாக, மைசூர்ப் போர்களில் தனக்குக் கிடைத்த நிலத்தையே எழுதிக் கொடுத்தார்: பெல்லாரி, அனந்தபூர், கடப்பை. அங்கே கலெக்டராகப் போனவர் யார்? தர்மபுரியில் தொழில் கற்றுக்கொண்ட மன்றோ. ஆர்காட்டு நவாபும் கம்பெனிப் படைக்குக் கட்டக் கடன் வாங்கி, கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்கி, கடைசியில் 1801-ல் கர்நாடகம் முழுக்கக் கம்பெனி கைக்குப் போனது. எங்கள் தொழிலில் இதற்கு வெண்டர் லாக்-இன் என்று பேர். அங்கே டேட்டா போகும், இங்கே நாடு போனது.

லம்பாடிகளுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டத்தில் அரூர்ப் பக்கம் சிட்டிலிங்கியில் லம்பாடித் தாண்டாக்கள் இருக்கின்றன. அவர்கள் பெண்கள் செய்கிற ‘பொற்கை’ எம்பிராய்டரி இன்று வெளியூர்வரை போகிறது. அந்தக் குடும்பங்களின் முன்னோர் காரன்வாலிஸுக்கு அரிசி சுமந்தார்களா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சமூகம் ஒட்டுமொத்தமாக என்ன ஆனது என்பது பதிவில் இருக்கிறது. போர்கள் முடிந்தன; ரோடு வந்தது, ரயில் வந்தது; பொதி மாட்டுக்கு வேலை போனது. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது, 1911-ல் மெட்ராஸ் மாகாணத்துக்கும் நீண்டது. இடத்தில் தங்காமல் சுற்றுகிறவர்கள் எல்லாம் சந்தேகக் கேஸ். பல இடங்களில் லம்பாடிகளும் அந்தப் பட்டியலில் ஏறினார்கள். எந்த அரசின் படைக்குச் சோறு போட்டார்களோ அதே அரசின் போலீஸ் ரிஜிஸ்டரில். அவர்கள் ஒப்பந்தத்தில் வேலை முடிந்த பிறகு என்ன என்று ஒரு வரிகூட இல்லை.

இதெல்லாம் இருநூறு வருடத்துப் பழசு என்று நினைக்க வேண்டாம். 1984-ல் இலங்கை அரசு, பிரிட்டிஷ் முன்னாள் கமாண்டோக்கள் நடத்திய கே.எம்.எஸ். என்ற தனியார் கம்பெனியை அழைத்து வந்தது. சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது அவர்கள்தான். ராணுவ ஹெலிகாப்டர்களையும் அவர்களின் பைலட்டுகள் ஓட்டினார்கள். கிழக்கு மாகாணத்துத் தமிழர்களுக்கு எஸ்.டி.எஃப். என்ற மூன்றெழுத்து என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. அது தனியார் நிறுவனம், அரசுக்குத் தொடர்பில்லை என்பது பிரிட்டன் எடுத்த நிலை. லண்டன் போலீஸ் இதில் போர்க்குற்ற விசாரணை தொடங்கியது 2020-ல். முப்பத்தைந்து வருடம். படையை அனுப்பினால் பார்லிமெண்டில் பதில் சொல்ல வேண்டும். கம்பெனி போனால் வேண்டியதில்லை. தனியாரை வைப்பதில் காசு மிச்சம் என்பார்கள். பதில் சொல்லும் கடமை மிச்சம் என்பதுதான் பெரிய லாபம்.

இப்போது அக்கா பையன் விஷயம். 2024 மார்ச்சில் சிபிஐ, இளைஞர்களை ரஷ்யாவுக்கு அனுப்பிய ஏஜென்டுகள் மேல் வழக்குப் போட்டு, சென்னை, மதுரை உட்படப் பல ஊர்களில் சோதனை போட்டது. ஹெல்ப்பர், செக்யூரிட்டி என்று சொல்லிக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பயிற்சி கொடுத்து முன்வரிசைக்கு அனுப்பியதாகக் குற்றச்சாட்டு. ஜூலையில் பிரதமர் மாஸ்கோவில் இதைப் பேசினார். 2025 ஜனவரியில் வெளியுறவுத் துறை சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சேர்ந்த இந்தியர்கள் என்று தெரியவந்தவர்கள் 126 பேர், திரும்பியவர்கள் 96, இறந்தவர்கள் 12, காணாமல் போனவர்கள் என்று ரஷ்யா சொன்னது 16. இலங்கையில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் இதைவிட அதிகம் போய்ச் சிக்கியிருக்கிறார்கள்.

இவர்களைக் கூலிப்படை என்று சொல்லலாமா? சர்வதேச சட்டப்படி பெரும்பாலும் முடியாது. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ம் வருட முதல் இணைப்பில், 47-வது பிரிவில் ஆறு நிபந்தனைகள் இருக்கின்றன. ஆறும் சேர்ந்தால்தான் கூலிப்படையாள். அதில் ஒன்று, போரிடும் நாட்டின் ராணுவத்தில் அவன் உறுப்பினனாக இருக்கக் கூடாது என்பது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நிமிடம் அவன் அந்த நாட்டின் சிப்பாய். டி மியூரோன்காரர்களும் இந்தக் கணக்கில் தப்பித்துவிடுவார்கள். இதில் பையனுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. சிப்பாய் ஆனபிறகு வேலையை விட்டு வருவது ராஜினாமா இல்லை. படையை விட்டு ஓடிய குற்றம்.

அதனால் அவனிடம் தப்பு, பாவம் என்றெல்லாம் பேசவில்லை. அந்தப் பேப்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். நாலு பக்கம், முழுக்க ரஷ்ய மொழி. செயலியில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தேன். வேலை கொடுப்பவர் என்ற இடத்தில் ஒரு ராணுவப் பிரிவின் எண். காலம் ஒரு வருடம். நடுவில் நான் விலகலாமா என்பதற்கு வரி இல்லை. செத்தால் உடலை யார் அனுப்புவது, பணம் யாருக்கு என்பதும் இல்லை. ‘ஹெல்ப்பர்’ என்ற சொல் நாலு பக்கத்திலும் எங்குமே இல்லை.

“ஏஜென்ட் எவ்ளோ கேக்கறார்?”

“மூணு லட்சம்ங்க மாமா. பாதி இப்ப, பாதி விசா வந்தப்புறம்.”

1983 குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப லைசென்ஸ் வேண்டும். அப்படி லைசென்ஸ் உள்ள ஏஜென்டும் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு பெற்றவர்கள் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. போனில் இருந்துகொண்டே அவனைத் தேடச் சொன்னேன். அந்தப் பேர் பட்டியலில் இல்லை. லைசென்ஸ் நம்பர் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறான். ரஷ்யாவுக்கு அதெல்லாம் தேவையில்ல தம்பி, சீட்டு ரெண்டுதான் பாக்கி, சீக்கிரம் சொல்லு என்று பதில் வந்ததாம்.

இன்னும் அவன் முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. ஓசூரில் கான்ட்ராக்ட் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிப்பார்களா என்று தெரியவில்லை. பாஸ்போர்ட்டை அக்கா வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.